மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் சீர்வரிசை

எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், சண்டையை விலக்கப் போய் அதைப் பெரிதாக்கிவிட்டு வருகிற ஓர் ஆள் இருப்பார். அது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. தன்னை விட்டால் சமாதானம் செய்து வைக்க ஆளில்லை என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியில் நான் இருக்கிறேன்.

மற்ற குடும்பங்களின் சமாதானப் புலிகள் பங்காளித் தகராறு, வரப்புத் தகராறு என்று உள்ளூரோடு நின்றுவிடுவார்கள். நான் ஒரு நாட்டின் உள்நாட்டுப் போருக்குள் போய்த் தலையை நீட்டியவன். (சிரிக்காதீர்கள். அந்த நாட்டுக்காரர்கள் ஏற்கனவே உங்களுக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டார்கள்.)

இதற்கெல்லாம் மூல காரணம் என் தங்கை கல்யாணம். திருச்சியில் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், காபி ஆறிப்போயிருந்தது என்று மாப்பிள்ளையின் தாய்மாமா முறுக்கிக்கொண்டு சத்திரத்து மாடியில் போய்ப் படுத்துவிட்டார். "காபிக்காக ஒருத்தன் கல்யாணத்தை நிறுத்துவானா" என்று என் அப்பா கீழே முறுக்கிக்கொண்டார். நான் ஒரு தாம்பாளத்தில் பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி எல்லாம் வைத்து மாடிக்குக் கொண்டுபோய், "அப்பா கொடுத்துவிட்டார்" என்றேன். கீழே வந்து, "மாமா ரொம்ப வருத்தப்படுகிறார்" என்றேன். இரண்டும் சுத்தப் பொய். அரை மணியில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். எனக்கு இரண்டே பொய்யில் வேலை முடிந்துவிட்டது. அந்தத் திமிர்தான் என்னை துபாய் வரை கொண்டுவந்து கவிழ்த்தது.

எழுபதுகளின் நடுவில், துபாய் கிரீக் என்கிற கடற்கழி ஓரமாக இருந்த ஒரு ஹோட்டலில் நான் விருந்தினர் கவனிப்புப் பிரிவில் உதவி மேலாளர். பதவியின் பெயர்தான் நீளம். பெட்டி தொலைந்தால் தேடுவது, ஏசி ஓடவில்லை என்றால் மன்னிப்புக் கேட்பது, இவைதான் வேலை. தேராவில் ஒரு சின்ன ஃபிளாட். மனைவி கோமதி திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். வெயிலையும் என்னையும் ஒரே நேரத்தில் பழகிக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில் எங்கள் ஹோட்டலுக்குச் சமாதானப் பேச்சுவார்த்தை வந்தது. கடலோரம் இருந்த ஓர் அரபு நாடு. பெயர் சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்றும் நண்பர்கள் இருக்கிறார்கள். அது தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு தெருத் தெருவாக இடிந்துகொண்டிருந்தது. மலைப் பக்கத்துக்காரர்கள் ஓர் அணி, கரைப் பக்கத்துக்காரர்கள் இன்னோர் அணி. மலைக்காரர்களுக்கு மூன்றாம் மாடி, கரைக்காரர்களுக்கு ஐந்தாம் மாடி. நடுவில் நான்காம் மாடியைக் காலியாக விட்டு அங்கே மத்தியஸ்தரைக் குடிவைத்தோம். ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து வந்த நெட்டையான, பொறுமைசாலியான மனிதர் அவர்.

ஹோட்டலில் லிஃப்ட் இரண்டு. வந்த அன்றே ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியஸ்தர் எந்த லிஃப்டில் ஏறினாலும் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் அவர் மட்டும் படிக்கட்டு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழுமாக அவர் நடந்த நடை, பழனிக்கு நேர்ந்துகொண்டவர்கள்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் பேச வந்தது முழுச் சமாதானத்தை இல்லை. அது யாருக்கும் சாத்தியமாகத் தோன்றவில்லை. விஷயம் ஒரு கப்பல். கோதுமை மாவு, பால் பவுடர், மருந்து எல்லாம் ஏற்றிக்கொண்டு எங்கள் துறைமுகத்தில் அது நின்றுகொண்டிருந்தது. ஹோட்டல் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். அந்த நாட்டின் துறைமுக நகரத்தில் சரக்கை இறக்கும்வரை துப்பாக்கிகள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல வேண்டும். முதலில் யார் சொல்வது என்பதில்தான் எல்லாம் நின்றுபோயிருந்தது. முதலில் சொல்கிறவன் பணிந்துவிட்டான் என்று ஊரில் பேசுவார்களாம்.

எனக்கு அந்தக் கப்பல் வெறும் செய்தி இல்லை. எங்கள் ஹோட்டலில் கேக், ரொட்டி போடுகிற நபீல் அந்தத் துறைமுக நகரத்துக்காரன். மனைவியும் மூன்று குழந்தைகளும் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ரொட்டிக்கடைகள் மூடியாகிவிட்டன என்று கடைசியாகத் தகவல் வந்ததாம். இங்கே இவன் காலையிலிருந்து முட்டங்கை வரை மாவோடு நிற்பான். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவான்.

"யா சாமி, கபர்? ஏதாவது சேதி?"

"மாஃபி, நபீல். இன்னும் இல்லை."

"இன்ஷா அல்லாஹ் நாளைக்கு" என்று அவனே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போவான். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஒருநாள் மத்தியஸ்தர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரெண்டு பேரும் நல்ல மனுஷங்கதான். யாராவது ஒருத்தர் சின்னதா ஒரு நல்லெண்ணம் காட்டினாப் போதும், மத்தவர் இறங்கி வந்துடுவார்" என்று அவர் ஆங்கிலத்தில் புலம்பினார். அவர் தன் பாட்டுக்குப் புலம்பினார். என் காதில் அது உத்தரவாக விழுந்தது. மாடியில் முறுக்கிக்கொண்ட தாய்மாமா, கீழே முறுக்கிக்கொண்ட அப்பா! இதைத்தான் நான் ஏற்கனவே தீர்த்து வைத்திருக்கிறேனே!

நேராக தேரா சூக் என்கிற சந்தையில் காசிம் காக்கா கடைக்குப் போனேன். கீழக்கரைக்காரர், அந்தப் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். எங்கள் ஹோட்டலுக்குப் பழம் கொடுப்பவர் அவர்தான்.

"இந்தத் தட்டு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு இவங்களுக்கு, இவங்க பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்கு. எப்படிக் காக்கா?"

காக்கா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். யாராவது என்னைத் தடுத்திருக்க வேண்டும் என்றால் அது அவர்தான். ஆனால் அவரும் கல்யாண வீடு என்றால் முதல் ஆளாக நிற்பவர்.

"தம்பி, ஐடியா நல்லாத்தான் இருக்கு. சம்பந்தக்காரங்க சண்டைன்னா எங்க ஊர்லயும் இப்படித்தான் செய்வோம். அரபிக்காரங்க வந்த தட்டைத் திருப்ப மாட்டாங்க, அது பெரிய மரியாதைக் குறைவு. செய்றதைக் குறையில்லாமச் செஞ்சிரணும். வெத்திலை நேத்துதான் ஃப்ளைட்டுல வந்துச்சு."

கோமதி மட்டும்தான் எதிர்த்தாள். "ஏங்க, அவங்க துப்பாக்கி வச்சிருக்காங்க. உங்க தங்கச்சி மாமனார் வீட்டுல துப்பாக்கியா வச்சிருந்தாங்க? சும்மா இருங்களேன்."

ஆனால் நான் ஆரஞ்சுகளைத் தட்டில் கொட்டி வைத்த அழகைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க, இப்படியா அடுக்குவாங்க? பாக்கிறவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆரஞ்சு கோபுரமாக ஏறியது. சீப்பு வாழைப்பழம், பேரீச்சை, கல்கண்டு, குடுமியோடு தேங்காய், சுற்றிலும் பிளாஸ்டிக் ரோஜா. தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று பக்கத்துக்கு ஐந்தாக ஆக்கினாள். மஞ்சளையும் குங்குமத்தையும் மட்டும் நான் எடுத்து ஒளித்து வைத்தேன். (அவ்வளவு புத்தி எனக்கு அப்போதே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.) இரண்டு வெற்றிலை பாக்குத் தட்டுகளிலும் காக்கா தன் அன்புக்கு ஒரு சின்ன டப்பா நிறையச் சுண்ணாம்பும் வைத்திருந்தார்.

மறுநாள் காலை, நான்காம் மாடி பேண்ட்ரியிலிருந்து சீர்வரிசை கிளம்பியது. மூன்றாம் மாடிக்குப் போய், "மேலேயிருந்து" என்றேன். ஐந்தாம் மாடிக்குப் போய், "கீழேயிருந்து" என்றேன். (யோசித்துப் பாருங்கள். நான்காம் மாடி மூன்றுக்கு மேலே, ஐந்துக்குக் கீழே. ஒரு பொய்கூட இல்லை.)

மலைக்காரர்களின் தலைவர் பெரிய மீசை வைத்த கனத்த கிழவர். எல்லோரும் அவரை 'பெரியவர்' என்பார்கள். ஐந்து தட்டுகளையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கோபுர உச்சியிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து முகர்ந்துவிட்டு, "அவனா?" என்றார். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது. ஐந்தாம் மாடித் தலைவர் போருக்கு முன்னால் குழந்தை வைத்தியராக இருந்தவர், 'டாக்டர்' என்றுதான் பெயர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிழவருக்குள்ளும் இப்படி ஒரு மனசா" என்றார் ஆங்கிலத்தில். நான் வாசலில் நின்று அடக்கமாகப் புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

உபசாரத்தில் தோற்பது அவர்களுக்குப் போரில் தோற்பதைவிடக் கேவலம். அன்று மதியமே பெரியவர் மேலே ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார், உண்மையாகவே. டாக்டர் அதைவிடப் பெரிய பெட்டியில் பிஸ்தா அனுப்பினார். பெரியவர் முழு ஆடு ஒன்றைச் சோற்று மலை மேல் படுக்க வைத்து அனுப்பினார். டாக்டர் அத்தர் அனுப்பினார், பெரியவர் கம்பளம் அனுப்பினார். வந்த நாளிலிருந்து அடுத்தவர் மாடியில் நிற்காத லிஃப்டுகள் நின்று நின்று போயின. காசிம் காக்கா கடையில் பழம் தீர்ந்து ஷார்ஜாவுக்கு ஆள் அனுப்பினார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், ஊர் ஒன்றுபட்டால் பழக்கடைக்காரருக்கு. மத்தியஸ்தர் தன் தலைமையகத்துக்கு 'எதிர்பாராத திருப்பம்' என்று தந்தி கொடுத்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக லிஃப்டில் ஏறினார்.

நபீலிடம், "கவலைப்படாதே, கப்பல் கிளம்பிவிடும். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். நான் பார்த்துக்கொள்கிறேனாம்!

நேருக்கு நேர் உட்காரச் சம்மதித்தார்கள். நான்காம் மாடிக் கூடத்தில் வட்டமேசை போட்டோம், தலைமாடு கால்மாடு என்று யாரும் சண்டை போடக் கூடாதே. நான் கோட்டும் டையுமாக, காபி ஊற்றுகிறவர்களை மேற்பார்வை செய்யும் சாக்கில் ஓரமாக நின்றுகொண்டேன். கைகுலுக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசைதான்.

பெரியவர் அரபியில் ஆரம்பித்தார். (கேட்டால் எனக்கு ஓரளவு புரியும், பேசத்தான் வராது.) "முதலில் இறங்கி வந்த டாக்டருக்கு நன்றி."

டாக்டர் சிரித்தார். "இல்லை, முதலில் இறங்கி வந்தது நீங்கள்."

"நீங்கள்தான்."

"நீங்கள்தான்."

பந்தியில் 'நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க' என்பது மாதிரி முதலில் இனிமையாகத்தான் இருந்தது. நான்காவது 'நீங்கள்தான்' வந்தபோது குரல் தடித்துவிட்டது. நிலைமையை இலகுவாக்க நினைத்து பெரியவர் ஒரு வேடிக்கை சொன்னார்.

"அது கிடக்கட்டும். உங்கள் கரைப் பக்கத்தில் அந்த வெள்ளை வெண்ணெயை எப்படித்தான் தின்கிறீர்களோ! என் ஆள் ருசி பார்த்துவிட்டு நேற்று வரை பேசவில்லை."

டாக்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அது உங்கள் மலைப் பக்கத்துச் சமாச்சாரம் என்றல்லவா நினைத்தேன்? என் ஆளுக்கும் நாக்கு வெந்துவிட்டது. மலைக்காரர்களுக்கு வாய் கெட்டி என்று பேசாமல் இருந்தோம்."

விஷயம் இதுதான். இரண்டு பக்கமும் தலைவர் சாப்பிடுவதற்கு முன்னால் எதையும் ருசி பார்க்க ஒரு காவலரை வைத்திருந்தார்கள். காக்காவின் சுண்ணாம்பு டப்பாவைக் வெண்ணெய் என்று நினைத்து இருவருமே விரல் நிறைய வழித்து நக்கியிருக்கிறார்கள்! அடுத்தவர் ஊர்ப் பலகாரத்தைக் குறை சொல்லக் கூடாது என்று நாகரிகமாக மறைத்தும் வைத்திருக்கிறார்கள்.

நான் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை என்றால் அனுப்பியது யார்? யாரோ ஒரு மூன்றாம் ஆள் இரண்டு பேருக்கும் விஷம் வைக்கப் பார்த்திருக்கிறான்! நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. காவலர்கள் சமையலறைக்கு ஓடினார்கள். அங்கே அவர்கள் நாட்டுக்காரன் ஒரே ஒருவன் இருந்தான். மாவுக் கையோடு நபீலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் முகம் அவன் கையைவிட வெளுத்திருந்தது. என்ன ஏது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வைக்கு முன்னால் மட்டும் நான் கோழையாக இருக்க முடியவில்லை. "அவனை விடுங்கள், நான்தான் அனுப்பினேன்!" என்று கத்திக்கொண்டே நடுவில் போய் விழுந்தேன். விழுந்தேன் என்பது அலங்காரம் இல்லை, பெரியவர் அனுப்பியிருந்த கம்பளத்தை அங்கேதான் விரித்திருந்தார்கள், அது தடுக்கிவிட்டது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். நபீல் அதைப் பெரியவருக்கு அரபியில் சொன்னான். எங்கள் ஊர்க் கல்யாணம், சம்பந்தி சண்டை, தட்டு, ஒற்றைப்படை, சுண்ணாம்பு வெற்றிலையில் தடவுவதற்கு, எல்லாவற்றையும். காவலர்களில் ஒருவன் கொல்லென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டான். பெரியவரின் மீசைகூட லேசாக அசைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் மூச்சு விடுவதற்குள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் ஊரில் யார் யாருக்குப் பணிந்து போக வேண்டும்?"

இங்கே எவனும் வாயை மூடிக்கொள்வான். நான் விளக்கம் சொன்னேன். "பொண்ணு வீட்டுக்காரங்கதான் பணிஞ்சு போகணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முறுக்கா இருக்கலாம்."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் நாங்கள்தான் மாப்பிள்ளை வீடு."

"அது எப்படி?" என்று டாக்டர் எழுந்துவிட்டார். "மாப்பிள்ளை வீடு நாங்கள்!"

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததை நான் எந்தக் கல்யாண சத்திரத்திலும் பார்த்ததில்லை. உலக நாடுகள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு போரின் இரண்டு பக்கங்களும், யார் மாப்பிள்ளை வீடு என்று மேசையைத் தட்டித் தட்டிக் கத்தின. மத்தியஸ்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகி, அந்தக் குரங்கு மேசை மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தது.

நபீல் மட்டும் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டிருந்தான். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் அவனாகவே பேசினான். மெதுவாகத்தான் பேசினான். தான் துறைமுகத்துக்காரன், மனைவியும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள், இங்கே தான் போடுகிற ரொட்டியில் பாதி மீந்துபோய்க் குப்பைக்குப் போகிறது, என்றான். "யார் வேண்டுமானாலும் மாப்பிள்ளை வீடாக இருங்கள். மாவு போகட்டும்."

டாக்டர் உட்கார்ந்தார். பெரியவர் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் முதலில் சரி என்று சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போது மத்தியஸ்தர் எழுந்தார். இத்தனை நாள் சேர்த்து வைத்த பொறுமையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. என்னைச் சுட்டிக் காட்டினார்.

"எனக்கு முழங்கால் வலிக்கிறது, நான் ஊருக்குப் போகிறேன். மற்ற எதைப் பற்றியும் இன்று பேச வேண்டாம். கப்பல் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் இனிமேல் உங்கள் மத்தியஸ்தர் இவர்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் பேனாவுக்குக் கை நீட்டினார், அதே நேரத்தில் டாக்டரும் நீட்டினார்.

மறுநாள் மொட்டை மாடியில் நானும் நபீலும் நின்று கப்பல் கிளம்புவதைப் பார்த்தோம். என் தோளில் அவன் கை இருந்தது, கோட்டெல்லாம் மாவு. அந்தக் கோட்டை நானே துவைக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அன்று மாலையே மேலாளர் என்னை லாண்டரிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "அங்கே விருந்தினர்கள் யாரும் வர மாட்டார்கள்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம்.

அந்தப் போர் அதோடு முடியவில்லை. இன்னும் பல வருஷங்கள் நடந்தது, அந்தக் கூடத்தில் கத்தியவர்கள் திரும்பவும் துப்பாக்கியால் பேசினார்கள். என் தட்டு எதையும் தீர்க்கவில்லை. ஆனால் ஒருநாள் நபீல் லாண்டரிக்கு ஓடி வந்தான். ஊரிலிருந்து வந்த ஒரு மாலுமி சேதி கொண்டுவந்திருந்தானாம். மாவு வந்து இறங்கியது, வீட்டில் ரொட்டி சுட்டார்கள், சின்னவள் சூடு ஆறுவதற்குள் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டாளாம். அதைச் சொல்லிவிட்டு மூட்டை மூட்டையான படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் அழுதான். நானும் அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

வீட்டில் மட்டும் எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. பின்னால் பிறந்த என் இரண்டு பிள்ளைகளும் பென்சிலுக்கும் டிவிக்கும் அடித்துக்கொள்ளும்போது கோமதி அதட்ட மாட்டாள், விரலைக்கூட ஆட்ட மாட்டாள். சமையலறையிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வரும்.

"அப்பாவைப் பேசச் சொல்லவா?"

"வேண்டாம்மா, வேண்டாம்! நாங்களே பேசிக்கிட்டோம்!"

இப்போது பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிட்டது. போன மாதம் சென்னையில் இருக்கும் வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்று கூடத்தில் இருந்த என் மகனும் ஸ்பீக்கர் ஃபோனில் என் மகளும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயதாகிவிட்டதால் என்னை யாரும் கேட்கவில்லை. மகன் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பேத்தி தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஷுட் ஐ கால் தாத்தா?" என்றாள்.

இரண்டு பக்கமும் கப்சிப். மகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிக்கா, நீ சொல்றபடியே செய்யலாம்" என்றான். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தேன். மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.